வெர்ட்டு டிஐ: கல் பதிப்பவன் கண்ணில் ஒரு சொகுசுக் கைப்பேசி

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் உள்ள ஒரு நகைக்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல் பதிக்கும் வேலையையும் பழைய நகைகளுக்கு மதிப்புக் கட்டும் வேலையையும் பார்த்துவருகிறேன். கைப்பேசிகளைப் பற்றி எழுதுவது என் தொழில் அன்று. ஆனால் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு பெரியவர் சென்ற மாதம் தம்முடைய வெர்ட்டு டிஐ கைப்பேசியைக் கொண்டுவந்து, நகைக்கு விரிக்கும் வெல்வெட் துணியின்மேல் வைத்து, "தம்பி, இதற்கு இன்றைக்கு என்ன மதிப்பு இருக்கும்? பேரனுக்குக் கொடுக்கலாமா, விற்றுவிடலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் ஐயா, பார்த்துச் சொல்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் அதை என்னுடனே வைத்திருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

வெர்ட்டு என்பது நோக்கியா நிறுவனம் 1998-இல் தொடங்கிய சொகுசுப் பிரிவு. அதன் முதல் கைப்பேசியான சிக்னேச்சர் 2002-இல் வந்தது. எண் விசைகளுக்கு அடியில் கைக்கடிகாரங்களில் வைப்பதுபோல் மாணிக்கத் தாங்கிகளை வைத்த பேசி அது. 2012-இல் நோக்கியா வெர்ட்டுவின் பெரும்பங்கை ஈகியூடி என்ற ஐரோப்பிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் வெர்ட்டாக டிஐ அறிமுகமானது. தொடக்க விலை 7,900 யூரோ, அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 13,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்).

முதலில் வேலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மதிப்பிட எனக்குத் தகுதி உண்டு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் பொருத்தி, உலோகமும் தோலும் சேரும் விளிம்பை ஒரு சுற்று முழுவதும் பார்த்தேன். இடைவெளி ஓரிடத்திலும் அகலவில்லை, ஓரிடத்திலும் குறுகவில்லை. நல்ல நெக்லஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் ஆசாரியின் கை தெரியும் என்பார்கள். இந்தப் பேசியின் பின்புறத்தில் சிம் அட்டையை மூடும் சிறு கதவைத் திறந்தால், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பட்டறையில் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியொருவராகப் பூட்டியவரின் கையெழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. யாரும் அடிக்கடி திறக்காத இடத்திலும் இப்படிக் கவனம் வைத்த பொருளைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. அழகுக்காகச் செலவழித்த பணமெல்லாம் வீண் என்று பேசுவோரோடு நான் உடன்படுவதில்லை. அப்படிப் பார்த்தால் என் தொழிலுக்கே இடம் இல்லை.

உடல் ஐந்தாம் தரத் தைட்டானியம். ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த உலோகக் கலவை இது. வியர்வை இதை அரிக்காது, தோலில் ஒவ்வாமை வருவதும் மிக அரிது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நிக்கல் கலந்த மலிவு நகையை அணிந்து கழுத்தெல்லாம் சிவந்து கடைக்கு வருபவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன் என்பதால் இது எனக்குப் பெரிய நற்பண்பாகவே தெரிகிறது. எடை 180 கிராம். அதே காலத்து ஐஃபோன் 5-இன் எடை 112 கிராம்தான். இருந்தாலும் அந்தக் கூடுதல் எடை கையில் சுமையாகத் தெரியவில்லை, நிறைவாகவே இருந்தது. தைட்டானியத்துக்கு ஒரு குறையும் உண்டு: அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆப்பிள் நிறுவனம் 2023-இல் ஐஃபோன் 15 புரோவுக்குத் தைட்டானியச் சட்டம் போட்டு, 2025-இல் ஐஃபோன் 17 புரோவுக்கு மீண்டும் அலுமினியத்துக்குத் திரும்பியபோது, வெப்பத்தை வெளியேற்றுவதையே காரணமாகச் சொன்னது. அணிகலனுக்கு உகந்த உலோகம் பேசிக்கும் உகந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

திரையில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். அது கண்ணாடி அன்று, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நீலக்கல் படிகம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 9. இயற்கைக் கற்களில் வைரம் மட்டுமே அதை எளிதில் கீறும். பெரியவர் பதினோரு ஆண்டுகள் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டு வைத்திருந்த அந்தத் திரையில், லென்ஸ் வைத்துத் தேடியும் ஒரு கீறல்கூட எனக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் கடினம் வேறு, உடையாத உறுதி வேறு. குருந்தத்தில் கீறல் விழாது, ஆனால் சரியான கோணத்தில் அடி விழுந்தால் விளிம்பு தெறிக்கும். மோதிரத்தில் நீலத்தைப் பதிக்கும்போது விளிம்பை உலோகத்தால் அணைத்துக் காப்பதற்கு அதுவே காரணம்.

அதைவிட அன்றாடம் உணரப்படுவது ஒளித்திருப்பம், அதாவது உள்ளே நுழையும் வெளிச்சத்தைக் கல் வளைக்கும் அளவு. கல் சோதிக்கும் கருவியில் நீலம் 1.76 முதல் 1.77 வரை காட்டும். சாதாரணக் கண்ணாடி 1.5-ஐ ஒட்டி நிற்கும். இந்த எண் கூடக் கூட மேற்பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதும் கூடும். நகையில் நமக்கு வேண்டியது அந்தப் பளபளப்புத்தான். கைப்பேசித் திரையிலோ அதே பண்பு இடையூறாக நிற்கிறது. நண்பகலில் தேக்கா சந்தைக்கு வெளியே நின்று அதில் ஒரு படத்தைப் பார்க்க முயன்றபோது, என் முகமும் பின்னால் இருந்த அடுக்குமாடிக் கட்டடமும்தான் தெளிவாகத் தெரிந்தன. நிழலுக்குள் வந்த பிறகே படம் தெரிந்தது.

பின்புறத் தோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் பதனிட்ட தோல்தான், ஆனால் ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத இந்தத் தீவில் தோற்பொருளை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பெரியவர் அதை நாள்தோறும் கையில் எடுத்துத் துடைத்து வைத்திருந்ததால் தப்பியது.

இனி உள்ளே இருப்பது. திரையின் அளவு 3.7 அங்குலம், கூர்மை 800-க்கு 480 புள்ளிகள். அது விற்பனைக்கு வந்த அதே 2013-இல் சாம்சுங்கின் கேலக்ஸி எஸ்4, 5 அங்குல முழு எச்டி திரையோடு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்தது. லண்டன் சிம்ஃபனி இசைக்குழு வாசித்த அழைப்பொலிகள் டிஐயில் இருந்தன, ஒலியை பேங் அண்ட் ஒலுஃப்சன் செப்பம் செய்திருந்தது, இன்றைக்குக் கேட்டாலும் காதுக்கு இதமாகவே இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள தனி விசையை அழுத்தினால் விமானச் சீட்டோ விருந்துக்கு மேசையோ ஏற்பாடு செய்து தரும் உதவியாளர் சேவையும் இருந்தது. விலைக்குள் அடங்கிய காலம் முடிந்ததும் அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் 4ஜி இல்லை. அந்த நேரத்தில் சிங்கப்பூரின் மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களும் 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டிருந்தன.

அந்த ஒரு குறைதான் பின்னால் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. மாணிக்கத் தாங்கிகள் கொண்ட அந்த முதல் சிக்னேச்சர் அன்றோடு இங்கே ஊமையானது. 2024-இல் 3ஜியும் போனது. டிஐக்கும் அதே கதி. என்னிடம் இருந்த ஒரு மாதமும் அதில் ஓர் அழைப்பு எடுக்கவோ விடுக்கவோ முடியவில்லை. கம்பியில்லா இணையம் உள்ள இடத்தில் மட்டும் ஏதோ கொஞ்சம் வேலை செய்தது. அந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் வாட்ஸ்அப் இன்று ஓடாது, ஆகவே குடும்பக் குழுவில் வரும் செய்திகள் வாரா. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலி இயங்காது. உணவங்காடி நிலையத்தில் இரண்டு தோசைக்குப் பேநவ் மூலம் பணம் செலுத்தவும் வழியில்லை. அரசாங்கச் சேவை, வங்கி, சாப்பாடு, மருத்துவர் முன்பதிவு என்று எல்லாமே கைப்பேசி வழியாக நடக்கும் ஊரில் இது சிறு குறையாகாது. கீறலே விழாத திரையும் துருவே பிடிக்காத உடலும் இன்னும் நூறு ஆண்டுகள் அப்படியே இருக்கும் என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

நகைத் தொழிலில் விலையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்: தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம். வாடிக்கையாளர் பத்து ஆண்டு கழித்து நகையைத் திருப்பிக் கொண்டுவந்தால் செய்கூலியும் சேதாரமும் போய்விடும், 916 தங்கத்தின் எடைக்குரிய விலை நிற்கும். டிஐயின் 13,000 வெள்ளியில் ஏறத்தாழ முழுவதும் செய்கூலி. தைட்டானியத்தை எடைக்கு எடுக்க நம்மூரில் எந்த நகைக்கடையும் முன்வராது. தங்கம் 1,064 பாகை செல்சியஸில் உருகும். தைட்டானியத்துக்கு 1,600-க்கும் மேல் வேண்டும், அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் கெட்டும் போகும், ஆகவே எங்கள் பட்டறை நெருப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நீலக்கல் திரையும் செயற்கைப் படிகம் என்பதால் கல்லாக விலைபோகாது.

இதே கணக்கை இன்று விற்கப்படும் தங்கமுலாம் பூசிய கைப்பேசிகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு மைக்ரான் கனத்தில் நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பை மூட 0.2 கிராமுக்கும் குறைவான தங்கம் போதும். '24 காரட்' என்ற சொல்லைக் கேட்டு ஆயிரக்கணக்கான வெள்ளி கூடுதலாகக் கொடுப்பவர்கள், முலாமின் கனம் எத்தனை மைக்ரான் என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

என் மனத்தில் உறுத்துவது வேறொன்று. பாட்டியின் ஏழு கல் வைரத் தோடு பேத்திக்குப் பிடிக்கவில்லை என்றால், கற்களைக் கழற்றி அவள் விரும்பும் வடிவில் புதிதாகப் பதித்துக் கொடுக்கிறோம். நிலைப்பதும் தேய்வதும் தனித்தனியே பிரிந்து வருவதால்தான் நகை தலைமுறை தாண்டுகிறது. டிஐயில் தைட்டானியமும் நீலக்கல்லும் தோலும் தலைமுறை தாண்டக் கூடியவை. மின்சுற்றும் வானலைப் பகுதியும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடுபவை. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பூட்டியதுதான் வடிவமைப்பின் பெரும்பிழை என்பது என் கருத்து. அதே உடலுக்குள் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய மின்சுற்றைப் பொருத்தித் தர அந்தப் பட்டறை ஏற்பாடு செய்திருந்தால், 7,900 யூரோவை நான் நியாயமான விலை என்றே எழுதியிருப்பேன். அந்த வழியும் இப்போது இல்லை. வெர்ட்டுவின் இங்கிலாந்து உற்பத்திப் பிரிவு 2017-இல் மூடப்பட்டது. பெயர் பிறகு கைமாறிப் புதிய பேசிகளில் தொடர்ந்தாலும், கதவுக்குள் கையெழுத்திட்ட அந்தக் கைகள் அங்கே இல்லை.

ஆகவே, பழைய டிஐ ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், சிங்கப்பூரில் பேசுவதற்காக அதை வாங்க வேண்டாம். வேலைப்பாட்டுக்காகச் சேகரிப்பவர் வாங்கலாம். சில நூறு வெள்ளிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். புதிய சொகுசுக் கைப்பேசி வாங்க எண்ணுபவர்கள் கடையில் தோலையும் உலோகத்தையும் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இயங்குதளப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும், மின்கலம் பழுதானால் இந்த ஊரிலேயே யார் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழகு வேண்டும், நாள்தோறும் உழைக்கவும் வேண்டும் என்பவருக்கு என் யோசனை, நல்ல சாதாரணப் பேசி ஒன்றை வாங்கி, தேர்ந்த தோல் கைவினைஞரிடம் அதற்கு உறை தைத்துக்கொள்வது. பேசி மாறும்போது உறைக்கு ஆகும் செலவு மட்டுமே வீணாகும்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். விற்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். தொழிலில் முதல் பெரிய ஒப்பந்தம் கிடைத்தபோது தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதானாம். உள்ளே இருந்த படங்களை மகனுடைய கணினியில் பதிந்துவிட்டு, மின்கலத்தைப் பாதியளவு மின்னேற்றி, தோல் பூஞ்சை பிடிக்காதபடி காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கும்படி சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.