பிள்ளையின் படம் நாளிதழில்: ஆண்டுக்கு ஒரு கையெழுத்தா, படத்துக்கு ஒரு கையெழுத்தா?

ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி என்று நாளிதழுக்குப் படம் கொடுக்கும் பள்ளிகள் பெற்றோரின் ஒப்புதலை எப்படி வாங்குவது?

வேலை:
ஆண்டு முழுவதற்குமான ஒப்புதலைச் சேர்க்கைப் படிவத்திலேயே வாங்கினால் ஒரே நாளில் முடியும்.
படத்துக்குப் படம் கேட்டால் அலைச்சல்தான்.

தெளிவு:
முதல் வகையில் எந்தப் படம், எந்தச் செய்தி என்று தெரியாமலே கையெழுத்து விழுகிறது. கோலப் போட்டியில் எடுத்த படம், பிறகு சத்துணவுக் குறைபாடு பற்றிய செய்தியில் வந்தால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்?
தனி ஒப்புதலில் செய்தியை அறிந்தே சம்மதிக்கிறார்.

மனம் மாறினால்:
அச்சான தாள் இரண்டிலும் திரும்பாது.

பரிசளிப்பு விழாக் குழுப் படத்துக்கு ஆண்டு ஒப்புதல் போதும். நோய், வறுமை, குடும்பச் சிக்கல் பற்றிய செய்தி என்றால் தனி ஒப்புதல் கட்டாயம் வேண்டும் என்பேன். பிள்ளையையும் கேளுங்கள், முகம் அதனுடையது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் எந்தக் கையெழுத்தும் உதவாது. 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, குழந்தையின் படம், பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடத் தடை செய்கிறது. விலக்களிக்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கே உண்டு.