கோஸ்டா ரிக்காவின் கோடை: மாதத்தைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கோடை. அப்போது எங்கே போனாலும் வெயில்தான் என்று பயண முகவர்கள் அடித்துச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. டெக்சாஸில் இருக்கும் எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாக இந்த மாதங்களில் அங்கே போய்வருகிறது. பெட்டியில் மழைச்சட்டையும் ஸ்வெட்டரும் இல்லாமல் கிளம்புவதில்லை.

காரணம் காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கரீபியன் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, நாட்டின் நடுவே நிற்கும் மலைத்தொடரில் மோதுகிறது. சுமையைக் கிழக்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மேற்கே வெறுங்கையோடு இறங்குகிறது. ஜூலையில் கேரளம் நனைந்துகொண்டிருக்க, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு காய்ந்து கிடப்பதும் இதே கணக்குதான். ஆகவே பசிபிக் பக்கமுள்ள குவானகாஸ்தே மாகாணத்தில் வாரக்கணக்கில் ஒரு துளி விழாது. அதே நாட்களில் கரீபியன் கரையின் தோர்துகேரோவில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கரைக்குச் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மாதங்கள். அங்கே பச்சை ஆமைகள் முட்டையிட வருவதும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான். கோடைப் பயணத் திட்டத்தில் யாராவது தோர்துகேரோவைச் செருகித் தந்தால் தயங்காமல் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மொன்டெவெர்டே என்ற மலையூர் இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். காற்று முகட்டைத் தாண்டும் இடம். பிப்ரவரியிலும் அங்கே சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் பறந்து வரும். குடை பிடித்தால் திரும்பிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாளாது. ஆனால் கிளைகளில் கை தடிமனுக்குப் பாசியும் அதன்மேல் ஆர்க்கிட்களும் வளர்வது இந்த ஈரத்தால்தான். கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து கிளம்பிய குவேக்கர்கள் (போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர்), 1948-லேயே ராணுவத்தைக் கலைத்த நாடு என்பதால் இதைத் தேர்ந்து 1951-ல் இங்கே குடியேறினார்கள். ஓடைநீரைக் காக்க அவர்கள் வெட்டாமல் விட்ட காட்டையொட்டித்தான் 1972-ல் காப்புக்காடு உருவானது. கடற்கரையில் வியர்த்துக் கொட்டிய அன்றே மாலையில் இங்கே பற்கள் தந்தியடிக்கும். இரண்டு இரவு தங்கலாம். அதற்கு மேல் என் வீட்டில் யாரும் சம்மதிப்பதில்லை.

முகவர்களின் படங்களில் வராத ஒன்று புழுதி. நிக்கோயா தீபகற்பத்தின் நோசாரா, சாந்தா தெரேசா போன்ற ஊர்களில் மண் சாலைகள் இன்னும் நிறைய உண்டு. மழை நின்று சில வாரங்களில் வேலியோரச் செடிகள் எல்லாம் காவி நிறமாகிவிடும். புழுதியை அடக்க, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகை லாரியில் கொண்டுவந்து சாலையில் தெளிக்கிறார்கள். தெளித்த அன்று புளித்த வெல்ல மணம் தெருவெங்கும் வீசும். செருப்பு தரையை விட்டு வராது. குழந்தைகளின் கணுக்கால் வரை கறுப்புப் பிசுக்கு. கார்ச் சக்கரத்தின் மேல்வளைவில் ஒட்டியதை அன்றே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பாகு இறுகியபின் சில வாரங்களுக்குத் தூசி எழாது.

மார்ச்சில் குவானகாஸ்தேயின் குன்றுகள் பழுப்பேறிவிடும். பசுமையைத் தேடி வருபவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அந்த மொட்டைக் காடும் பிடிக்கும். இலையில்லாத கிளைகளில் ஊளைக் குரங்குகள் ஒளிய இடமில்லை. சில மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். மேய்ச்சல் நிலங்களில் குடை விரித்து நிற்பவை நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களேதான். அவற்றின் பிறந்த வீடே மத்திய அமெரிக்கப் பக்கம்தான். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்துவிட்டு, "இங்கேயும் மாட்டைத்தான் கட்டுகிறார்கள்" என்றார்.

எந்த வாரம் போகலாம்? பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு டிசம்பர் முதல் பாதி: மழை விலகியிருக்கும், பச்சை மிச்சமிருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்காது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலையைக் கேட்கவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் வட குவானகாஸ்தேயில் பாபகாயோ காற்று வெறிபிடித்து அடிக்கும். படகில் போகிறவர்களுக்கு அது சோதனை. அமைதியான கடல் வேண்டுமென்றால் தெற்கே மனுவேல் அந்தோனியோ பக்கம் போங்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட்டை இணையத்தில் முன்னதாகவே வாங்கியிருக்க வேண்டும். உணவுப் பொட்டலங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்; புளியோதரை உள்ளே போகாது.

வாடகைக் கார் விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. இணையத்தில் காட்டும் தொகை மிகக் குறைவாக இருக்கும். கவுன்டரில் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்ப்பார்கள். கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. ஒரு நிறுவனத்தில் எங்களுக்குத் தொகை இரட்டிப்பாகி, வாய் வலிக்கப் பேசியும் பயனில்லை. இப்போதெல்லாம் காப்பீடு உட்பட மொத்த விலையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே பதிவு செய்கிறோம். ஆண்டு முழுவதும் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். மலைப்பாதையை அதற்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு 'சோடா' எனப்படும் சின்ன உணவகங்களே போதும். சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்துக் கிளறிய காயோ பிந்தோ காலையில் எங்கும் கிடைக்கும். சைவர்கள் பன்றிக் கொழுப்பில் தாளித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் இருக்கும் என்பதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் கடற்கரையைத் தவிர்த்துவிடுங்கள். நாடே அங்கே திரண்டிருக்கும். வியாழன், வெள்ளியில் பல பஸ்கள் ஓடாது. அந்த வாரம்தான் லீவு கிடைக்கிறது என்றால் சான் ஹெரார்தோ தே தோத்தா பள்ளத்தாக்குக்கு ஏறிவிடலாம். கெட்சல் பறவைகள் கூடு கட்டும் காலம் அது. விடியுமுன் வழிகாட்டியோடு கிளம்பினால் பார்த்துவிடும் வாய்ப்பு அதிகம். அறையை மட்டும் ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். கூடுதல் கம்பளி உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.