தொலைந்த பார்சல், உடைந்த கண்ணாடி: பினாங்குக் கடையொன்றின் இழப்பீட்டு அனுபவம்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், பினாங்கு ஸ்திரீட்டை ஒட்டியிருக்கும் எங்கள் குடும்பக் கடையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்குகள், பூசைச் சாமான்கள், கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியங்கள் ஆகியவற்றைத் தீபகற்பத்தின் எல்லா மாநிலங்களுக்கும், சபா, சரவாக்கிற்கும், அவ்வப்போது வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகிறோம். பெரும்பாலானவை பழுதின்றிப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சேராதவற்றுக்கும் உடைந்து சேர்ந்தவற்றுக்கும் இழப்பீடு கோரும் வேலை பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருப்பதால், அந்த நடைமுறை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எந்தக் கூரியர் நிறுவனம் நல்லது என்று வரிசைப்படுத்துவது என் நோக்கம் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகள் ஒரே கோரிக்கையை இரண்டு விதமாக நடத்துவதைப் பார்த்தபின் அப்படியொரு வரிசையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இழப்பீட்டுக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது. பார்சல் முழுவதுமாகத் தொலைந்துவிட்டால் பணம் பெறுவது ஓரளவு எளிது. பொருள் சேதமடைந்து சேர்ந்திருந்தால் வாதம் தொடங்குகிறது. பெட்டி சேர்ந்து, உள்ளே இருந்தவற்றில் சில மட்டும் குறைந்திருந்தால் மிகவும் சிரமம். பார்சல் சேர்ப்பிக்கப்பட்டுவிட்டதாகக் கணினி காட்டும்போது, பெறுநரோ எதுவும் வரவில்லை என்று சொன்னால், அதுவே எல்லாவற்றிலும் மோசமான நிலை. புதிதாகப் பொருள் அனுப்பத் தொடங்குபவர்கள் தொலைந்து போவதற்குத்தான் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் பணம் கைக்கு வராமல் போனவை பெரும்பாலும் மற்ற மூன்று வகைகளில்தான்.

முழு இழப்பு ஏன் எளிது என்றால், அதில் நிரூபிக்க வேண்டிய சுமை அனுப்புநர் மீது குறைவாகவே விழுகிறது. பார்சலை ஒப்படைக்கும்போது தரப்படும் அனுப்புச் சீட்டான கன்சைன்மென்ட் நோட் கையில் இருக்கிறது. பார்சலை முகப்பில் பெற்றுக்கொண்டதற்கான ஸ்கேன் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு கிடங்கில் பதிவு நின்றுவிடுகிறது. தேடிப் பார்ப்பதாகச் சொல்வார்கள், சில நாள் கழித்து மீண்டும் அதையே சொல்வார்கள், இறுதியில் கிடைக்கவில்லை என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்வார்கள். அந்த எழுத்து வந்தபின் மிஞ்சுவது பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி மட்டுமே. ஆகவே தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதல் அழைப்பு முடிந்த உடனேயே, பேசிய விவரத்தையும் புகார் எண்ணையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி வைப்பது என் வழக்கம்.

சேர்ப்பிக்கப்பட்டதாகக் காட்டும் பார்சலில் இந்த வசதி கிடையாது. கிள்ளானில் உள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிய விளக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் அறையில் வைக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. ஆனால் காவலர் அறைப் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. கையொப்பம் என்று காட்டப்பட்டது ஒரு வளைந்த கோடு. அந்தக் கோரிக்கையில் எங்களுக்குக் கைகொடுத்தது, பார்சலைச் சேர்ப்பித்தபோது ஊழியர் எடுத்திருக்க வேண்டிய படத்தைக் காட்டும்படி நாங்கள் தொடர்ந்து கேட்டதுதான். அவர்கள் காட்டிய படத்தில் இருந்தது வேறொரு கட்டடத்தின் வாசல். இத்தகைய படமும் ஸ்கேன் நடந்த இடத்தின் விவரமும் நிறுவனத்திடம் நெடுங்காலம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பெறுநர் வரவில்லை என்று சொன்ன அன்றே அவற்றைக் கேட்டுவிட வேண்டும்.

சேதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேதக் கோரிக்கையை மறுக்கப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், பொதி போதுமானதாக இல்லை என்பது. போதுமானது எது என்பதற்குப் பல நிறுவனங்களின் விதிமுறைகளில் தெளிவான அளவுகோல் இருப்பதில்லை என்பதால், பொருள் உடைந்திருப்பதையே பொதி சரியில்லை என்பதற்குச் சான்றாக்கிவிடுகிறார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளிவர ஒரே வழி, பெட்டியை மூடுவதற்கு முன்பே படங்கள் எடுத்து வைப்பது. வெறும் பொருளின் படம், பபிள் ராப் சுற்றிய பின் ஒரு படம், பெட்டியின் நான்கு பக்கமும் திணிப்பு தெரியும்படி ஒரு படம், ஒட்டி முடித்தபின் கன்சைன்மென்ட் நோட் தெரியும்படி ஒரு படம் என எங்கள் கடையில் எடுக்கிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது எரிச்சலூட்டும் வேலைதான், அதை மறுக்கவில்லை.

மறுமுனையில் பெறுநரின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் படங்களாலும் பயனில்லை. சிரம்பானில் இருக்கும் ஓர் அம்மா, ஓவியத்தின் கண்ணாடி நொறுங்கி வந்ததைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, “அட்டைப்பெட்டியை அப்பவே குப்பையில போட்டுட்டேனே தம்பி, கண்ணாடித் துண்டு பேரப்பிள்ளை காலில் ஏறிடுமோன்னு பயம்” என்றார். அவர் செய்தது முற்றிலும் நியாயமானது. ஆனால் பெட்டியும் உள்திணிப்பும் உடைந்த பொருளும் பரிசோதனைக்குக் கிடைக்காத கோரிக்கை, கோப்பைத் திறக்காமலேயே முடித்துவைக்கப்படுவதற்கு மிகவும் ஏற்றது. அதன் பிறகு ஒவ்வொரு பார்சலின் மேலும் தமிழிலும் மலாயிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுகிறோம்: உடைந்திருந்தால் எதையும் எறியாமல், படம் எடுத்து, அன்றே எங்களுக்குத் தெரிவிக்கவும். மழைக்காலத்தில் பெட்டி நனைந்து வந்தால், ஈரம் காயும் முன் படம் எடுக்கச் சொல்வதும் அதில் சேர்ந்துவிட்டது. காய்ந்த அட்டையில் எஞ்சும் கறையைப் பழைய கறை என்று தள்ளிவிடுவது எளிது.

உள்ளிருந்த பொருள் குறையும் வழக்குகளில் எடைதான் சாட்சி. முகப்பில் எடை போட்டபோது பதிவான எடையும், பெறுநர் பெற்ற நிலையில் உள்ள எடையும் வேறுபட்டால், வாய்வார்த்தைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. பித்தளை கனமான பொருள் என்பதால் எங்களுக்கு இது சாதகம்; வெள்ளிக் குங்குமச் சிமிழ் போன்ற இலேசான பொருளில் இந்த வாதம் எடுபடாது. ரசீதில் எடையைக் கிலோ கணக்கில் முழு எண்ணாக்கி எழுதும் முகப்புகளும் உண்டு. அங்கே துல்லியமான எடையை எழுதித் தரும்படி நான் வற்புறுத்துவேன், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைத்தாலும் சரி.

இனி மதிப்பு. காப்புறுதித் தொகை என்று நாம் அறிவிக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே. அது தானாகவே கைக்கு வரும் தொகை என்று பலர் நம்புகிறார்கள். 800 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்த ஓவியத்துக்கு 300 ரிங்கிட்டுக்கான கொள்முதல் பில் மட்டுமே காட்ட முடிந்தால், 300ஐச் சுற்றித்தான் பேச்சு நடக்கும். கடையில் வாங்கி விற்கும் பொருளுக்குப் பில் உண்டு. ஓவியரிடம் நேரடியாக வாங்கிய படத்துக்கும், யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்த பழைய விளக்குக்கும் என்ன பில் இருக்கும்? இத்தகைய பொருள்களுக்கு வாங்குபவர் பணம் செலுத்திய வங்கிப் பதிவு, எங்கள் இன்வாய்ஸ், அதே அளவில் முன்பு விற்ற பொருளின் இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சில இடங்களில் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்ட சூராட் அக்குவானும், அதாவது சத்தியப் பிரமாண வாக்குமூலமும், கேட்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்: கண்ணாடி, நகை, ரொக்கம், பழம்பொருள் ஆகியவற்றைக் காப்புறுதியிலிருந்து விலக்கும் விதிமுறைகள் பரவலாக உள்ளன. முகப்பில் காப்புறுதிக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் ஊழியர் பெட்டிக்குள் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்பது அரிது. கோரிக்கையைப் பரிசீலிப்பவர் அதைக் கேட்கத் தவறுவதே இல்லை.

வெளிநாட்டுக்கு அஞ்சல் வழியாக அனுப்பும்போது நடைமுறையின் அடித்தளமே வேறு. 1874ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து இயங்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தம்தான் அங்கே ஆளுகிறது. பதிவு அஞ்சல், பார்சல், காப்புறுதி செய்த அஞ்சல் ஆகியவற்றைப் பற்றிய விசாரணையை, அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். காலம் நிறைய இருப்பதாகத் தோன்றும். சுங்கத்தில் நிற்கிறது, வந்துவிடும் என்று காத்திருந்தே அதைக் கழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்கிங் எண்ணின் 13 எழுத்துக்குறிகளில் முதல் எழுத்தே சேவையின் வகையைச் சொல்லிவிடுகிறது: ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல், ‘இ’ என்றால் விரைவஞ்சல், ‘சி’ என்றால் பார்சல், ‘வி’ என்றால் காப்புறுதி செய்தது. ‘எம்.ஒய்.’ என்று முடிந்தால் மலேசியாவிலிருந்து புறப்பட்டது. இந்த எழுத்தைப் பார்த்தாலே எவ்வளவு இழப்பீடு எதிர்பார்க்கலாம் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

காப்புறுதி இல்லாத பதிவு அஞ்சல் தொலைந்தால் அந்த ஒப்பந்தம் வகுத்திருக்கும் தொகை, பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகில் 30, அதாவது ஏறத்தாழ 40 அமெரிக்க டாலர். உள்ளே இருந்தது என்னவாயினும் அவ்வளவுதான். பார்சலுக்கு 40 எஸ்.டி.ஆர்., அதனுடன் கிலோ ஒன்றுக்கு 4.50 எஸ்.டி.ஆர். என்ற கணக்கு. காப்புறுதி செய்த அஞ்சலுக்கு அறிவித்த மதிப்பு வரை கிடைக்கும். எந்த வகையிலும் வராத இலாபமும், தாமதத்தால் நின்றுபோன சடங்கும் கணக்கில் சேரா. முழுமையாகத் தொலைந்தால் அஞ்சல் கட்டணம் திரும்பக் கிடைக்கும், பதிவுக் கட்டணமும் காப்புறுதிக் கட்டணமும் மட்டும் கிடைக்காது. உண்மை விலையைவிட மோசடியாக அதிக மதிப்பைக் காட்டிக் காப்புறுதி செய்தால் கோரிக்கையே செல்லாது. நேர்மாறாக, சுங்க வரியைக் குறைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதற்காகச் சுங்கப் படிவத்தில் மதிப்பைக் குறைத்து எழுதினால், இழப்பீட்டுக்கு நாம் காட்டும் இன்வாய்ஸை நம் கையெழுத்தே மறுக்கும். அப்படிக் கேட்பவர்களுக்குப் பொருளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

இழப்பீட்டுக்கு உரியவர் முதலில் அனுப்புநர்தான் என்பதையும் வாடிக்கையாளர்களுக்குத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் இருப்பவர் அங்குள்ள அஞ்சலகத்தில் எத்தனை முறை போய் நின்றாலும், விசாரணைப் படிவத்தை நாங்கள் இங்கே கொடுக்காமல் பணம் நகர்வது கடினம். அனுப்புநர் விரும்பினால் தம் உரிமையைப் பெறுநருக்கு விட்டுக்கொடுக்கலாம். பணம் கொடுத்த பின் பொருள் கிடைத்துவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ள 3 மாத அவகாசமும் உண்டு. எங்களுக்கு ஒருமுறை அப்படி ஒரு கடிதம் வந்தது. வாடிக்கையாளருக்கு வேறு விளக்கு அனுப்பி வெகுநாள் ஆகிவிட்டதால், பணத்தையே வைத்துக்கொண்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவும் எனக்குக் கிடைத்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள் எங்கள் பொருள்களை மொத்தமாகப் பெற்று, அங்குள்ள வாடிக்கையாளர்களுக்கு அமெரிக்க அஞ்சல் துறையின் பிரையாரிட்டி மெயிலில் அனுப்புகிறாள். அந்தக் கட்டணத்திலேயே 100 டாலர் வரை காப்புறுதி அடங்கியிருக்கிறது. தொலைந்த பொருளுக்கு அனுப்பிய நாளிலிருந்து 15 நாள் பொறுத்திருந்து, 60 நாளுக்குள் இணையத்தில் கோர வேண்டும்; சேதத்தை உடனே தெரிவிக்கலாம், வரம்பு அதே 60 நாள். அனுப்புநரோ பெறுநரோ, இருவரில் ஒருவர் கோரலாம். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. மதிப்பைக் காட்டும் சான்றையும் உடைந்த பெட்டியையும் அங்கேயும் விடுவதில்லை. ஆனால் நாள்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சில் இருப்பதால், எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று முகப்பு ஊழியரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இங்கே உள்நாட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டால், நிறுவனத்தின் மேலதிகாரிக்கு எழுதிய பின், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். 2012ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் கூரியர் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் அந்த ஆணையத்தின் வேலை. ஆணையம் நமக்காக மதிப்பை நிர்ணயித்துத் தராது. ஆனால் அங்கிருந்து விசாரணை போனபின், அதுவரை பதில் வராத மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவதைக் கண்டிருக்கிறேன். சொந்தத் தேவைக்காக அனுப்பியவர்களுக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இன்னும் நல்ல வழி: 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வியாபாரத்துக்காக அனுப்பும் எங்களைப் போன்றவர்களுக்காக அமைக்கப்பட்டதன்று அது. வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கூடுதல் காப்புறுதி எடுப்பது தகுமா என்று பிற கடைக்காரர்கள் கேட்கிறார்கள். குத்துவிளக்குக்கு எடுக்கிறோம், ஏனெனில் அது உடைவது அரிது, தொலைந்தால் பணம் வருகிறது. கண்ணாடிச் சட்டமிட்ட ஓவியத்துக்கு எடுப்பதை நிறுத்திவிட்டோம்; கட்டிய கட்டணத்தையும் வந்த இழப்பீட்டையும் கூட்டிப் பார்த்தபோது நிறுவனங்களுக்குத்தான் இலாபம். இப்போது ஓவியத்தைக் கண்ணாடியில்லாமல், பலகைக்கு நடுவே கட்டி அனுப்பி, சட்டமிடும் செலவை விலையில் கழித்துக்கொடுக்கிறோம். ஈப்போவுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. சட்டமிடும் கடை அருகில் இல்லாத சபாவின் உட்பகுதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இன்னும் சரியான வழி அமையவில்லை. அவர்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டு அனுப்பிப் பார்க்கிறோம். கீறல் விழுகிறது என்ற குறை உண்டு, நொறுங்கி வந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.