ஓடைத் தட்டுப் பெட்டி: ஆறு நன்றாக ஓடுகிறது, பாறைதான் சரியாக உடையவில்லை

பாறைச் சிதைவும் மண்ணரிப்பும் நிலத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட விற்கப்படும் பெட்டி இது. உள்ளே 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. அதன் ஒரு முனையில் வடிகால் துளை. கூடவே 4 கிலோ கழுவிய மணல், அரை கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அடியில் 2 மி.மீ. துளையுள்ள ஒரு குவளை, 4 மி.மீ. துளையுள்ள இன்னொரு குவளை, கிரானைட், மணற்கல், சுண்ணாம்புக்கல் துண்டுகள், சொட்டுக்குழாய், ஊதுகுழல், செய்முறை அட்டைகள். ஆற்றைக் காட்டும் பாதி அருமையாக இருக்கிறது. பாறையைக் காட்டும் பாதியை ஆசிரியரோ பெற்றோரோ திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

முதல் அட்டையிலேயே சிக்கல் தொடங்குகிறது. "அரிப்பு என்றால் பாறை உடைந்து மண்ணாவது" என்று அதில் இருக்கிறது. பாறை இருந்த இடத்திலேயே உடைவதும், கரைவதும், உதிர்வதும் சிதைவு. உதிர்ந்ததை நீரோ காற்றோ பனிக்கட்டியோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. கொண்டுபோனதை இறக்கி வைப்பது படிவு. ஓடும் ஆறு தான் சுமந்து வரும் கற்களால் படுகைப் பாறையைத் தேய்த்து உடைப்பதும் உண்டு. அப்போது இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் பிரித்துக் காட்டிவிட்டு, பிறகுதான் சேர்த்துக் காட்ட வேண்டும். தட்டில் கொட்டும் மணல் ஏற்கெனவே சிதைந்து முடிந்த பாறை. அதில் நீர் விட்டால் தெரிவது கதையின் பிற்பாதி மட்டுமே. ஆகவே அட்டைகளின் வரிசையை மாற்றி, கல்லிலிருந்து தொடங்குங்கள்.

கிரானைட் துண்டையும் ஒரு சிட்டிகை மணலையும் அருகருகே வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். கிரானைட்டில் கண்ணாடிச் சில்லு போல் மின்னுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புத் தகடாகப் பளபளப்பது மைக்கா. நீரும் காற்றும் காலப்போக்கில் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றிவிடுகின்றன. குவார்ட்ஸ் எளிதில் மாறாது, மணலாக மிஞ்சுகிறது. பெட்டியில் வரும் மணலிலும் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். கல்லுக்கும் மணலுக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்கு இங்கேதான் பிடிபடும். இவ்வளவு நல்ல கற்களைக் கொடுத்துவிட்டு, இதைப் பற்றி ஓர் அட்டைகூட வைக்காதது பெரிய வருத்தம்.

வேதியியல் சிதைவுக்கு வினிகர்ச் சோதனை. சுண்ணாம்புக்கல்லின் மேல் ஐந்தாறு சொட்டு விட்டால் நுரை கிளம்பும். கிரானைட்டில் ஒன்றும் நடக்காது. நுரை மெதுவாக வந்தால் கல்லின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, உதிரும் தூளின் மேல் சொட்டுங்கள். தூளாக இருக்கும்போது அமிலம் தொடும் பரப்பு கூடுவதால் உடனே நுரைக்கும். உடைந்த பாறை ஏன் விரைவாகச் சிதைகிறது என்பதற்கும் அதே தூள்தான் விளக்கம். பிள்ளைகளிடம் ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: தூய மழைநீரும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் லேசான அமிலமாகத்தான் இருக்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். மழைநீரின் பி.எச். சுமார் 5.6, வினிகருக்கு சுமார் 2.5. அதாவது வினிகர் ஆயிரம் மடங்குக்கும் மேல் அமிலத்தன்மை கொண்டது. சுண்ணாம்புக்கல்லில் குகைகள் உண்டாக ஏன் அத்தனை காலம் ஆகிறது என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

அதே அட்டை, சுண்ணாம்புக்கல் தீர்ந்துபோனால் பிளாஸ்டர் கட்டியிலோ கரும்பலகைச் சாக்பீஸிலோ வினிகரை விடலாம் என்கிறது. இது தவறு. இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். சாக்பீஸும் பெரும்பாலும் அதனால்தான் செய்யப்படுகிறது. கால்சியம் கார்பனேட் இருந்தால்தான் நுரை வரும். மாற்றாக முட்டை ஓடு அல்லது கடற்சிப்பி போதும்.

பிளாஸ்டரின் உண்மையான பயன் உறைபனிச் சிதைவைக் காட்டுவதில்தான். நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிகிறது. பாறை வெடிப்பில் தேங்கிய நீர் பாறையைப் பிளப்பது அந்த விரிவால்தான். சிறு பலூனில் நீர் நிரப்பி, பிளாஸ்டர் குழம்பில் மேற்பரப்பிலிருந்து அரை செ.மீ. ஆழத்தில் அமிழ்த்தி வைக்க வேண்டும். கன அளவில் இரண்டு பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு நீர். பலூன் இல்லாத கட்டி ஒன்றையும் ஒப்பிடுவதற்காக வார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் இறுகவிட்டு, இரண்டையும் இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்தால் காலையில் பலூன் உள்ள கட்டி பிளந்திருக்கும். பிளக்கவில்லையென்றால் பலூனுக்குள் காற்று இருந்திருக்கும். பனிக்கட்டி விரியும்போது காற்று அமுங்கி இடம் கொடுத்துவிடும். பலூனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே முடிச்சுப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடாகும். பிள்ளைகளின் விரல் அதற்குள் போகவே கூடாது. கைத்தடம் பதிக்கச் சொல்லும் ஓர் அட்டையும் இதில் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

வேர் பாறையைப் பிளப்பதைக் காட்ட, ஊறவைத்த அவரை விதை நாலைந்தை மெல்லிய பிளாஸ்டர் அடுக்குக்குள் புதைத்து ஈரமாக வைத்தால் சில நாளில் விரிசல் விடும். முதலில் விரிசலை உண்டாக்குவது விதையின் உப்பல், வேர் பின்னால்தான் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி தட்டு. ஒரு முனையில் 20 செ.மீ. இடத்தைக் காலியாக விட்டு, மீதி 40 செ.மீ. நீளத்துக்கு மணலைப் பரப்ப வேண்டும். பெட்டியில் வரும் 4 கிலோவைப் பரப்பினால் கிடைப்பது வெறும் 2 செ.மீ. ஆழம். நீர் விட்ட சில நிமிடத்திலேயே ஓடை தட்டின் அடியைத் தொட்டுவிடும். பிறகு கீழே வெட்ட வழியில்லாமல் பக்கவாட்டில் மட்டும் அகலும், பள்ளத்தாக்கு உருவாகாது. 5 செ.மீ. ஆழம் வேண்டுமானால் 9 முதல் 10 கிலோ மணல் வேண்டும். கொடுத்திருக்கும் மணல் ஒரே அளவுப் பரலாகவும் இருக்கிறது. அதனுடன் பத்தில் ஒரு பங்கு களிமண் கலந்தால் கரைகள் நிமிர்ந்து நிற்கும். பெரிய துகள் முதலில் இறங்குவதும் நுண்துகள் கலங்கலாகவே தொலைவு போவதும் கண்ணுக்குத் தெரியும். மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது. அந்த ஈரம்தான் சரி.

களிமண்ணில் இன்னொரு அழகும் உண்டு. மணலை விடக் களிமண் துகள் மிகச் சிறியது. ஆனாலும் படிந்து இறுகிய களிமண்ணைப் பெயர்க்க மணலைப் பெயர்ப்பதை விட வேகமான நீர் தேவை, ஏனென்றால் அதன் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடித்திருக்கின்றன. சுவீடன் ஆய்வாளர் ஃபிலிப் யுல்ஸ்த்ரோம் 1935இல் வரைபடமாகவே வரைந்து காட்டிய உண்மை இது. தட்டின் நடுவே கட்டைவிரல் அளவு களிமண் பட்டையைக் குறுக்காகப் பதித்தால் நீர் அங்கே தயங்கி, தாண்டி விழுந்து, பட்டையின் கீழ்ப்பக்க மணலைக் குடைந்துவிடும். கடினப் பாறையின் விளிம்பில் அருவி உண்டாகும் விதம் இதைப் போன்றதுதான்.

மணல் உள்ள முனையை 4 செ.மீ. உயர்த்தினால் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி. தொடங்க அது போதும். 10 செ.மீ. உயர்த்தினால் 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதில் மணல் மொத்தமாகச் சரியும், ஓடையின் வடிவம் எதுவும் நிலைக்காது. குவளைகளைப் பொறுத்தவரை இந்தப் பெட்டியை வடிவமைத்தவரைப் பாராட்ட வேண்டும். துளையின் விட்டம் இரட்டித்தால் நீரோட்டம் நான்கு மடங்காகும்: ஒரு லிட்டர் நீர் சிறு துளையில் இறங்கச் சுமார் 12 நிமிடம், பெரிய துளையில் சுமார் 3 நிமிடம். வழக்கமான ஓட்டத்தையும் வெள்ளத்தையும் ஒப்பிட இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் குவளையில் நீர்மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் மெலியும். சாய்வின் விளைவை ஒப்பிடும்போது இது கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு பிள்ளை செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்து குவளையின் நீர்மட்டத்தை ஒரே கோட்டில் வைத்திருக்க வேண்டும். அட்டையில் இது இல்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் ஆறு அழகாக வளைந்து வளைந்து போகிறது. அந்தப் படத்தை நம்பி நீர் விட்டால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். தளர்ந்த மணலில் கரைகள் இடிந்து, ஓடை அகன்று, பல கிளையாகப் பின்னித்தான் ஓடும். வளைவு நிலைக்கக் கரைக்குப் பிடிப்பு வேண்டும். 2009இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வுத் தொட்டியில் வளைந்தோடும் ஆற்றை நிலைக்கச் செய்தது, கரையில் குதிரைமசால் முளைகளை வளர்த்துத்தான். சிறிய தட்டில் செய்யக்கூடியது, 2 செ.மீ. அகலத்தில் எஸ் வடிவ வாய்க்காலை விரலால் முன்கூட்டியே கீறி, சிறு துளைக் குவளையால் நீர் விடுவது. வளைவின் வெளிக்கரை அரிபடுவதும் உள்கரையில் மணல் படிவதும் ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். வெளிக்கரையில் குச்சிகளை நட்டு வைத்தால் எது முதலில் சாய்கிறது என்று பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்திருப்பார்கள்.

தட்டின் கீழ்முனையில் 2 செ.மீ. அளவுக்கு நீர் தேங்கட்டும். ஓடை அதில் கலக்குமிடத்தில் வேகம் இழந்து சுமையை இறக்கி வைக்க, விசிறி வடிவில் டெல்டா வளரும். இந்தப் பெட்டியின் சிறந்த காட்சி இதுதான். வடிகால் துளையை முழுதாகத் திறந்துவிட்டால் அது கிடைக்காது. துளையின் வாயில் பஞ்சுத் துண்டை வைத்தால் நீர்மட்டமும் நிற்கும், துளையும் அடைபடாது.

பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்த பிள்ளை, மலைகளும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடும். இங்கே வெட்டுப்படுவது உதிரி மணல். கொலராடோ ஆறு உறுதியான பாறையை வெட்டி, 1.6 கி.மீ.க்கும் அதிக ஆழமுள்ள கிராண்ட் கேன்யனை இன்றைய வடிவுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம் ஆண்டுகள் ஆயின.

காற்றுச் சோதனை சுமார்தான். அட்டை அதைக் கடைசியில் வைத்திருக்கிறது. அதற்குள் மணல் நனைந்துவிடும், நனைந்த மணல் நகராது. நீருக்கு முன்பே, களிமண் கலப்பதற்கும் முன்பே, உலர்ந்த மணலில் நாலைந்து கூழாங்கற்களை வைத்து 15 செ.மீ. தூரத்திலிருந்து ஊதச் செய்யுங்கள். கண்ணாடி அணிந்து, எல்லோரும் ஒரே பக்கமாக நிற்க வேண்டும். பனியாற்றுக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. மணல் கலந்த நீரைப் பனிக்கட்டியாக உறையவைத்து, பிளாஸ்டர் கட்டியின் மேல் அழுத்தித் தேய்த்தால் ஒரே திசையில் கீறல்கள் விழும். பனியாறு கடந்துபோன பாறைகளில் காண்பதும் அத்தகைய கோடுகளே.

முடிந்ததும் கலங்கல் நீரையும் பிளாஸ்டர் குழம்பையும் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. மணல் குழாயின் வளைவில் தங்கிவிடும், பிளாஸ்டர் அங்கேயே இறுகிவிடும். நீரை வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் வெளியே கொட்டுங்கள். மணலைச் செய்தித்தாளில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே பெட்டியை மூடலாம். ஈரத்தோடு மூடினால் நாற்றம் எடுக்கும்.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு தட்டு சரியாக இருக்கும். ஒரு வகுப்பே சுற்றி நிற்க முடியாது. கூடுதலாக 5 அல்லது 6 கிலோ மணலும் கொஞ்சம் களிமண்ணும் சேர்க்க ஆயத்தமாக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இதே வகைப் பெட்டிகளில் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதானால் மணலின் எடை, தட்டின் ஆழம், வடிகால் துளை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். 6 செ.மீ.க்குக் குறைந்த ஆழமுள்ள தட்டோ, வடிகாலே இல்லாத தட்டோ வேண்டாம்.