டைரியா, டெய்ரியா?

டி, ஏ, ஐ, ஆர், ஒய். இரண்டு சொல்லுக்கும் இதே ஐந்து எழுத்துகள்தான். டி-க்கு அடுத்து ஐ வந்தால் டைரி, அதாவது நாட்குறிப்பு. ஏ வந்தால் டெய்ரி: பால் பண்ணை, ‘டெய்ரி ப்ராடக்ட்ஸ்’ என்றால் பால், தயிர், வெண்ணெய் வகையறா.

தவறு அதிகம் நேர்வது டைரியில். தினமும் எழுதுவதாயிற்றே, ‘டெய்லி’யின் டி-ஏ-ஐ தானாகக் கைக்கு வந்துவிடும். லத்தீனில் நாளைக் குறிக்கும் ‘டியெஸ்’தான் டைரிக்கு வேர், அதிலும் டி-யை அடுத்து ஐ. டெய்ரிக்கு லத்தீனெல்லாம் வேண்டாம். நடுவில் ஏ-ஐ-ஆர், ‘ஏர்’ முழுசாக உட்கார்ந்திருக்கிறது, உச்சரிப்பும் அதுவே.

‘ஐ ரைட் எ டெய்ரி’ என்று தட்டினாலும் சாதாரண பிழைதிருத்தி சிவப்புக்கோடு போடாது; இரண்டுமே அகராதிச் சொல். பன்மையில் இரண்டுக்கும் ஒய் போய் ஐ-இ-எஸ் சேரும்.