ஐ7-னு சொல்லி தலையில கட்டிட்டாங்க, லேப்டாப் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

4கே வீடியோ எடிட் பண்ணனும், மணிக்கணக்குல ரெண்டர் (எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்தறது) ஓடும்னு தெளிவா சொல்லித்தான் லேப்டாப் கேட்டேன். நான் கேட்டது இன்டெல் ஐ5-12450ஹெச் ப்ராசஸர் சிப் இருக்கறது. கடைக்காரரோ, "அது வெறும் ஐ5 சார், எட்டு கோர்தான், இது ஐ7, பத்து கோர், 4.7 கிகாஹெர்ட்ஸ், வெயிட்டும் கம்மி"னு ஐ7-1255யூ-வ நீட்டினாரு. கடைசில இருக்கற யூ என்னன்னு கேட்டா, "அது சும்மா மாடல் நம்பர் சார்"னு ஒரே போடா போட்டாரு.

சும்மாவாம்! இந்த 12வது ஜெனரேஷன்ல யூ-ன்னா பேஸ் பவர் (தொடர்ந்து வேலை செய்யறப்ப சிப் இழுக்கறதுக்கு வச்ச அளவு) அதிகபட்சம் 15 வாட், ஹெச்-னா 45 வாட். கோர்-ங்கறது சிப்புக்குள்ள கணக்கு போடற பகுதி; அந்த பத்து கோர்ல பெரிய கோர் ரெண்டே ரெண்டு, மிச்சம் எட்டும் கரண்ட் மிச்சம் பிடிக்கற சின்ன கோர், ஆனா அவர் மட்டம் தட்டின ஐ5-ல பெரிய கோரே நாலு இருக்கு. 4.7-ங்கறது கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துட்டு இறங்கற ஸ்பீடு, அத யாரும் சொல்றதில்ல.

வீட்டுக்கு வந்து சிப்போட பவர், சூடு எல்லாம் காட்டற ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர ஓப்பன் பண்ணி வச்சுட்டு ரெண்டர் போட்டேன், முதல்ல பவர் ஜிவ்வுனு ஏறுச்சு, அப்புறம் 15 வாட்ல வந்து உக்காந்ததுதான், கடைசி வரைக்கும் நகரவே இல்ல, ஸ்பீடும் பாதிக்குக் கீழ. சூடு கூட பெருசா இல்ல, அதனால ஃபேன் மேலயும் பழி போட முடியாது, கம்பெனி வச்ச லிமிட்டே அவ்வளவுதான். சர்வீஸ் சென்டர்ல "ஃபால்ட் எதுவும் இல்ல, ஸ்பெக்படிதான் ஓடுது"ங்கறாங்க. உண்மைதான், எரிச்சலே அதுதான். ஃபால்ட் இல்லாததால கடையிலயும் மாத்தித் தரமாட்டாங்களாம்.

யூ சிப் மட்டம்னு சொல்லல. பிரவுசர், எக்செல், மீட்டிங், நாள் பூரா பேட்டரி நிக்கணும்னா அதுதான் சரி. வெறும் டைப்பிங்குக்கு ஹெச்-சையும் தாண்டின 55 வாட் ஹெச்எக்ஸ் சிப் வாங்கிட்டு சார்ஜரும் கையுமா அலையறதும் வீண்தான்.

இன்னொண்ணு, ஹெச்-னு போட்டிருந்தாலும் ஒல்லி பாடின்னா கம்பெனி லிமிட்ட குறைச்சு வச்சிருக்கலாம், ரிவ்யூல தொடர்ந்து லோடு குடுத்தா எத்தன வாட்ல நிக்குதுன்னு தேடுங்க. கடையில டிஸ்ப்ளேக்கு வச்சிருக்கற லேப்டாப்ல சினிபெஞ்ச்-ங்கற, சிப்புக்கு முழு லோடு குடுக்கற டெஸ்ட்ட பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, முடியாதுன்னா வேற கடை பாருங்க.