பெட்டியைப் பிரிக்கத் தாமதித்த இறக்குமதியாளன் எழுதுகிறேன்

நான் ஆர்டர் கொடுத்தது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்கு. வந்தவை 304. அருகருகே வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும். உப்புக் காற்றை அது தாங்குவது அதனால்தான். விற்றவர் வெளிநாட்டு வியாபாரி. அவர் அனுப்பிய ஆலைச் சான்றிதழில் 316 என்றே அச்சாகியிருந்தது.

எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வழியாகப் பணம் கொடுத்தால் பயமில்லை என்று நம்பியிருந்தேன். வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகளின் 5ஆம் பிரிவை அப்போது படித்திருக்கவில்லை: வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கை அல்ல. ஆவணம் போலியாக இருந்தாலும் 34ஆம் பிரிவு வங்கியைக் காப்பாற்றிவிடுகிறது. தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தின. பணம் போய்ச் சேர்ந்தது.

என் பங்குத் தவறையும் மறைக்கவில்லை. பெட்டிகள் பதினொரு வாரம் கிடங்கில் பிரிக்கப்படாமலே கிடந்தன. என்னிடம் வாங்கியவர் துருப்புள்ளிகளைக் கொண்டுவந்து காட்டியதும், பதற்றத்தில் “சரக்கு தரமாக இல்லை” என்று ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பினேன். ஆய்வக அறிக்கை அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

விற்றவரின் வழக்கறிஞரிடமிருந்து மிக மரியாதையான பதில் வந்தது. பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 38ஆம் பிரிவுப்படி வாங்கியவர் இயன்ற அளவு விரைவில் சரக்கைச் சோதிக்க வேண்டும். 39ஆம் பிரிவுப்படி, குறை இன்னது என்று குறிப்பிட்டு நியாயமான காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் அந்தக் குறையைக் காட்டி உரிமை கோர முடியாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டே என்று வாதிட்டேன். அரைகுறைப் படிப்பின் விளைவு! இரண்டு ஆண்டு என்பது இறுதி எல்லை மட்டுமே.

அந்த உடன்படிக்கை எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். ‘விற்பவர் நாட்டுச் சட்டமே பொருந்தும்’ என்ற வரியை ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். அவருடைய நாடு உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. ஆகவே பன்னாட்டு விற்பனைக்கு உடன்படிக்கையும் அந்நாட்டுச் சட்டத்தின் பகுதிதான். வேண்டாமென்றால் 6ஆம் பிரிவின்படி விலக்கலாம், அதைப் பெயர் சொல்லியே விலக்குவது நல்லது. உடன்படிக்கையில் சேராத பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தியிருந்தால், சரக்கைத் திருப்பும் உரிமை போயிருந்தாலும் நஷ்ட ஈடாவது கேட்டிருக்கலாம் என்றார் என் வழக்கறிஞர். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, வெறுப்பேற்றவோ தெரியவில்லை.

மிஞ்சியிருக்கும் பிடி 40ஆம் பிரிவு: குறையை விற்றவர் அறிந்திருந்தாலோ, அறியாமல் இருந்திருக்கவே முடியாது என்றாலோ, என் தாமதத்தைக் காட்டி அவர் தப்ப முடியாது. சான்றிதழிலுள்ள உருக்கு எண்ணும் (ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு ஆலை இடும் எண்) பெட்டிகளில் ஒட்டியிருக்கும் எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. அதைத்தான் ஆதாரமாக வைத்திருக்கிறோம். ஆலையிடம் வாங்கி விற்றதோடு சரி, தனக்கு எதுவும் தெரியாது என்கிறார் அவர்.

இறக்குமதி செய்பவர்கள் எல்.சி.யில் கேட்கும் ஆவணங்களோடு, நீங்களே நியமிக்கும் ஆய்வாளர் கப்பலேற்றத்துக்கு முன் தரும் சோதனைச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்த வாரமே சில பெட்டிகளைப் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறிவிப்பில் ரகம், உருக்கு எண், சோதனை முடிவு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

விற்றவர் சமரசத்துக்கும் வந்திருக்கிறார். அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறாராம்.